கணினி அறையும் வலைப்பந்தாட்டத் திடலும்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மென்பொருள் துறையில் எமது பிள்ளைகள்" என்பது செயற்குழு தந்த தலைப்பு. இதைப் பேசுவதற்கு மென்பொருள் பொறியியலாளர் ஒருவரை அழைத்திருக்கலாமே, ஏன் வைத்தியரை அழைத்தார்கள் என்று சிலர் யோசிக்கக்கூடும். கணினி பழுதானால் ஒருவரும் அதை எங்களிடம் கொண்டு வருவதில்லை. கணினிக்கு முன்னால் இருப்பவர் பழுதானால் கொண்டு வருகிறார்கள். அதனால் இந்தத் துறையைப் பற்றிச் சில விடயங்கள் வைத்தியர்களின் காதிலும் விழுகின்றன.

1990களில் இங்கே படித்த எங்கள் வகுப்பில் ஒருவர்கூடக் கணினியைத் தொட்டதில்லை. அந்தத் தசாப்தத்தின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இருக்கவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அப்படியிருந்தும் அந்த வகுப்பிலிருந்து நால்வர் மென்பொருள் பொறியியலாளர் ஆகியிருக்கிறார்கள். அடுத்தடுத்த வகுப்புகளில் எத்தனை பேர் என்பதைச் சங்கத்தின் முகவரிப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். முன்பு ஆசிரியை, தாதி, வங்கி உத்தியோகத்தர் என்று நிறைந்திருந்த பக்கங்களில் இப்போது மென்பொருள், தரச் சோதனை, தரவுப் பகுப்பாய்வு என்ற சொற்கள் வந்துவிட்டன. நல்ல மாற்றம்.

ஆனால் அந்த வேலை என்னவென்று வீட்டிலுள்ளவர்களுக்கு இன்னமும் தெரியாது. "பிள்ளை நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கிறாள்" என்றுதான் அம்மாமார் சொல்கிறார்கள். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி கொழும்பில் இருபது வருடங்களாக இந்தத் துறையில் இருக்கிறாள். மேடையில் "அவர்" என்று சொல்ல வேண்டும், ஆனால் எங்களுக்கு அவள் அவள்தான். தட்டுவது மிகக் குறைவு, வாசிப்பதுதான் கூட என்று அவள் சொல்வாள். வேறு யாரோ எப்போதோ எழுதி, விளக்கக் குறிப்பு ஒன்றும் வைக்காமல் வேலையை விட்டுப் போன நிரலை வாசித்து, அவர் என்ன நினைத்து எழுதினார் என்று ஊகிக்க வேண்டும். பிறகு அதில் ஒரு வரியை மாற்ற வேண்டும். அந்த ஒரு வரி வேறு எதையும் குழப்பவில்லை என்று நிச்சயப்படுத்த ஒரு கிழமை போகும். முந்திய வைத்தியரின் கையெழுத்தை வாசிக்க முடியாமல் நோயாளியின் அட்டையை வைத்துக்கொண்டு முழிக்கும் எங்களுக்கு இது நன்றாகவே விளங்குகிறது.

பிழை தேடுவதும் அப்படித்தான். கோயில் திருவிழாவுக்குக் கட்டும் பழைய மாதிரித் தொடர் மின்குமிழ்களை நினைத்துப் பாருங்கள். 64 குமிழ்கள் ஒரே தொடரில் இருக்கின்றன. ஒன்று போனால் அத்தனையும் அணைந்துவிடும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் 63 தடவை பார்க்க வேண்டி வரலாம். நடுவில் சோதித்து, பிழை எந்தப் பாதியில் என்று அறிந்து, அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கிக்கொண்டு போனால் ஆறே சோதனை போதும். ஆயிரம் குமிழ் என்றாலும் பத்துத்தான். நேற்று வரை ஓடிய நிரல் இன்று ஏன் ஓடவில்லை என்று தேடும்போது, இடையில் செய்த நூற்றுக்கணக்கான மாற்றங்களை இப்படித்தான் பாதி பாதியாக வெட்டிப் பார்க்கிறார்கள். வயிற்றுவலியோடு வரும் ஒருவரிடம் நாங்கள் கேட்கும் முதல் இரண்டு மூன்று கேள்விகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

அவளுடைய நாள் காலை ஒன்பதுக்குத் தொடங்கும். வாடிக்கையாளர் அமெரிக்காவில். நியூயோர்க்கில் கோடைகாலத்தில் காலை 11 மணி என்றால் கொழும்பில் இரவு 8.30. பிள்ளைகளின் சாப்பாட்டு நேரம்தான் கூட்டத்தின் நேரமும். மாதத்தில் ஒரு கிழமை அவளுடைய முறை வரும். அந்தக் கிழமையில் வழங்கி எந்த நேரம் நின்றாலும் அவளது கைத்தொலைபேசிதான் முதலில் அலறும். அதிகாலை இரண்டு மணிக்கு எழும்பி, பிழையைத் திருத்திவிட்டுப் படுத்தால் நித்திரை வராது. இரவுக் கடமை என்றால் எங்களுக்கு அடுத்த நாள் ஓய்வென்று எழுத்திலாவது இருக்கும். அவள் முன்பு இருந்த நிறுவனத்தில் அதுவும் இருக்கவில்லை. மறுநாள் ஒன்பது மணிக்கு வழமைபோல அமர வேண்டும்.

இனிப் புதிர்கள். வேலையிலேயே இவ்வளவு புதிர் இருக்க, இவர்கள் ஓய்வு நேரத்திலும் புதிர்தான் அவிழ்க்கிறார்கள். 2015 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் எறிக் வாஸ்ற்ல் என்ற அமெரிக்க நிரலாளர் "அட்வென்ற் ஒஃப் கோட்" என்று ஒரு புதிர்த் தொடரை நடத்தி வருகிறார். முதலாம் திகதியிலிருந்து நாளுக்கொரு புதிர். அமெரிக்கக் கிழக்குக் கரையின் நள்ளிரவில் திறக்கும். எமக்கு அது காலை 10.30, லண்டனில் இருப்பவர்களுக்கு விடியப்புறம் ஐந்து மணி. ஒவ்வொரு புதிருக்கும் இரண்டு பகுதிகள். முதற் பகுதிக்கு விடை சொன்ன பிறகே இரண்டாவது கண்ணில் காட்டப்படும். அது வரும்போது, முதலாவதற்கு எழுதிய நிரல் பெரும்பாலும் போதாமல் போகும். வாடிக்கையாளர் வேலை முடிந்த பிறகு "இன்னும் ஒன்று" என்று சொல்வதை அப்படியே வைத்திருக்கிறார்கள் என்று தோழி சிரிப்பாள். போன டிசம்பரில் எங்கள் வகுப்புத் தோழிகள் மூவர், ஒருவர் கொழும்பிலும் ஒருவர் ரொறன்ரோவிலும் ஒருவர் லண்டனிலும் இருந்துகொண்டு, இந்தப் புதிர்களை ஒன்றாகச் செய்தார்கள். உயர்தர வகுப்பில் கணிதப் பயிற்சிகளைப் பங்கு போட்டுச் செய்தவர்கள்தான்.

புதிர் நல்லது. ஆனால் ஒரு விடயத்தை வைத்தியராகச் சொல்லியே ஆக வேண்டும். எட்டு மணித்தியாலம் கதிரையில் இருந்துவிட்டு, பொழுதுபோக்குக்காக இன்னும் இரண்டு மணித்தியாலம் அதே கதிரையில் இருப்பது மூளைக்கு ஓய்வாக இருக்கலாம். முதுகுக்கும் கழுத்துக்கும் அது பத்தாவது மணித்தியாலம்தான்.

இந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். இன்று பிள்ளைகளுக்குச் சொல்ல வந்ததில் முக்கியமான பங்கு இதுதான்.

அவருடைய பெயர் பற்றீசியா கிறௌதர். அமெரிக்கர், 1943இல் பிறந்தவர். தொழிலால் கணினி நிரலாளர். கிழமை நாட்களில் நிரல், விடுமுறை கிடைத்தால் குகை. அவருடைய கணவர் வில் கிறௌதரும் நிரலாளர்தான், மலைப்பாறை ஏறுபவரும்கூட. இன்றைய இணையத்துக்கு முன்னோடியாக 1969இல் தொடங்கிய ஆர்பாநெற் வலையமைப்பில், கணினிகளுக்கிடையே செய்தியைக் கடத்திய முதல் இயந்திரங்களுக்கு நிரல் எழுதிய சிறு குழுவில் அவர் இருந்தார். யோசிக்க வேண்டி வந்தால் அலுவலகக் கதவு நிலையில் விரல்களால் தொங்கிக்கொண்டு யோசிப்பாராம்.

கென்ரக்கி மாநிலத்தில் மம்மத் குகை இருக்கிறது. அதற்குப் பக்கத்திலுள்ள மேட்டு நிலத்தின் கீழே பிளின்ற் றிட்ஜ் என்ற வேறொரு குகைத் தொகுதி. இரண்டுக்கும் இடையில் ஒரு பள்ளத்தாக்கு. நிலத்துக்கடியில் இரண்டும் எங்கேயாவது சந்திக்கின்றனவா என்பது பல வருடங்களாக விடை காணாத கேள்வி. குகைக்குள் போகும் ஒவ்வொரு அணியும் வெறுமனே பார்த்துவிட்டுத் திரும்பாது. நாடாவும் திசைகாட்டியும் சாய்வுமானியும் கொண்டு போகும். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு எவ்வளவு தூரம், எந்தத் திசை, எவ்வளவு ஏற்றம் இறக்கம் என்று மூன்று எண்களைச் சேறு படிந்த குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே போவார்கள். வெளியே வந்ததும் அந்த எண்களைச் சைன், கோசைன் போட்டுப் படமாக மாற்ற வேண்டும். பிள்ளைகளே, அது சாதாரண தரத்து திரிகோண கணிதம்தான். ஆனால் ஆயிரக்கணக்கான தடவை செய்ய வேண்டும். கிறௌதர் தம்பதியர் அந்த வேலையைக் கணினியிடம் கொடுத்தார்கள். அளவைத் தரவுகளைக் கணினியில் ஏற்றி, குகை வரைபடங்களைத் தயாரித்தார்கள். இதில் ஓர் அழகு உண்டு. ஒரு வழியாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால், கணக்கும் அதே புள்ளிக்கு வர வேண்டும். வராவிட்டால் இடையில் எங்கோ ஓர் அளவு பிழை. நிலத்துக்கடியில் செய்த வேலையை மேசையில் சரிபார்க்கலாம்.

1972 ஓகஸ்ட் 30ஆம் திகதி பிளின்ற் றிட்ஜ் பக்கத்திலிருந்து போன அணி மிக ஒடுங்கிய ஒரு வெடிப்பை அடைந்தது. மெலிந்த உடல்வாகுள்ள பற்றீசியா அதற்குள் நுழைந்து மறுபக்கம் போனார். அவ்வழியால் போனவர்கள் குகைச் சுவரில் ஒரு பெயரையும் அம்புக்குறியையும் கண்டார்கள். பீற் ஹான்சன் என்பவர் கீறியது. அவர் மம்மத் குகையின் பழைய வழிகாட்டி. அப்படியானால் மறுபக்கத்திலிருந்து ஒருவர் முன்பே இங்கு வந்திருக்கிறார், வழி இருக்கிறது. பத்து நாள் கழித்து, செப்டெம்பர் 9ஆம் திகதி, ஜோன் வில்கொக்ஸ் என்பவரின் தலைமையில் ஆறு பேர் மறுபடி போனார்கள். ஐவர் ஆண்கள், ஒருவர் பற்றீசியா. ஊர்ந்தும் தவழ்ந்தும் சேற்றைக் கடந்து, கடைசியில் நெஞ்சளவு நீருக்குள் நடந்து வெளிப்பட்டபோது, முன்னால் போனவரின் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது ஒரு கைப்பிடிக் கம்பி. மம்மத் குகையைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளுக்காகப் போட்ட கம்பி. இரண்டு குகையும் ஒன்று என்று உறுதியாயிற்று. அன்று கணக்கிட்ட நீளம் 144 மைலுக்கு மேல், உலகிலேயே மிக நீளமான குகை. அளவெடுப்பு இன்னமும் நடக்கிறது, இப்போது 420 மைலைத் தாண்டிவிட்டது.

இடையில் ஒரு சிறு விடயம். அந்தக் குகைகள் சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கரைத்ததால் உண்டானவை. எமது குடாநாடும் சுண்ணாம்புக்கல்தான், வயதில் மிகவும் இளையது என்பது மட்டுமே வித்தியாசம். நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்க்காதவர் இந்த மண்டபத்தில் இருக்க முடியாது. ஆழம் இல்லாத கிணறு, எலுமிச்சம்பழம் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்றெல்லாம் கதை கேட்டு வளர்ந்தோம். கதையை விடுங்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர்நீர், பாறையின் வெடிப்புகளுக்குள்ளால் ஓடும் நிலத்தடி நீர், இவையெல்லாம் உண்மை. எங்கள் காலடியிலேயே அளக்க வேண்டியவை இருக்கின்றன. அளப்பதற்கு எமது பிள்ளைகளில் ஒருத்தியாவது போகக்கூடாதா?

கிறௌதர் குடும்பத்தின் கதை அத்தோடு முடியவில்லை. 1970களின் நடுப்பகுதியில் தம்பதியர் பிரிந்தார்கள். வில் குகைக்குப் போவதையும் விட்டார். தன்னுடைய இரண்டு சிறு மகள்மாரும் விளையாடவென்று, தான் அறிந்த கென்ரக்கிக் குகையின் ஒரு பகுதியை அடிப்படையாக வைத்து, போட்ரான் மொழியில் ஒரு கணினி விளையாட்டை எழுதினார். அதில் படமே இல்லை. நீ இன்ன இடத்தில் நிற்கிறாய் என்று எழுத்தில் சொல்லும். வடக்கே போ, விளக்கை எடு என்று சாதாரணச் சொற்களில் கட்டளை இட வேண்டும். 1977இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொன் வூட்ஸ் அதைப் பெரிதாக்கினார். அதுதான் "அட்வென்சர்". அந்த விளையாட்டை ஆடிப் பழகிய ஒரு பெண், உண்மைக் குகையின் அந்தப் பகுதிக்கு முதன்முறை போனபோதே வழி தெரிந்தவராக இருந்தார் என்று குகை ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. ரொபேர்ட்டா வில்லியம்ஸ் என்ற இளந்தாய், பிள்ளைகளோடு வீட்டில் இருந்தபோது அதை ஆடித் தீர்த்துவிட்டு, தானே ஒரு விளையாட்டைச் சமையலறை மேசையில் இருந்து திட்டமிட்டார். 1980இல் வெளிவந்த அந்த "மிஸ்ரறி ஹவுஸ்" படங்களோடு வந்த முதல் சாகச விளையாட்டு.

அட்வென்சரில் ஒரு புதிர் உண்டு. இன்று வீட்டுக்குப் போய் யோசிக்கட்டும் என்று பிள்ளைகளிடம் விடலாமோ என்று பார்த்தோம், ஆனால் விடையும் அழகு என்பதால் சொல்லிவிடுகிறோம். ஓர் இடத்தில் பல அறைகள் கொண்ட சிக்கல் வழி வரும். எந்த அறைக்குள் போனாலும் கணினி அச்சொட்டாக ஒரே வருணனையைத்தான் சொல்லும். வடக்கே போய்த் தெற்கே திரும்பினால் வந்த அறைக்கே வருவீர்கள் என்ற நிச்சயமும் இல்லை. எல்லா அறையும் ஒன்றுபோல இருந்தால் வரைபடம் எப்படி வரைவது? கையில் இருக்கும் பொருட்களை ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஓர் அறையில் சாவி, இன்னொன்றில் போத்தல், வேறொன்றில் கூண்டு. அடுத்த தடவை சாவி கிடக்கும் அறைக்கு வந்தால் அது எந்த அறை என்று தெரிந்துவிடும். உள்ளே எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்போது அடையாளத்தை நாமே வைக்க வேண்டும். நிரல் எழுதுபவர்கள் பிழை தேடும்போது இடையிடையே சிறு செய்தி அச்சிடும் வரிகளைப் போட்டு வைப்பதும் இதுதான். வன்னியில் இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில், ஒரே மாதிரியான காட்டுப் பாதைகளில் மரத்துக்கு மரம் துணி கட்டிப் போனவர்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

இப்போது எங்கள் சொந்தத் தொழிலுக்கு வருவோம்.

கணினி வேலை செய்யும் இளம் பெண்கள் எங்களிடம் எதற்காக வருகிறார்கள்? கண் எரிவு. திரையைப் பார்க்கும்போது நாம் கண் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது, அதனால் கண் உலர்கிறது. கழுத்து வலி, மணிக்கட்டு விறைப்பு, நித்திரையின்மை. இவை அவர்கள் சொல்லிக்கொண்டு வருபவை. சொல்லாமல் வருவது இரத்தத்தில் சீனி. தெற்காசியர்களாகிய எமக்கு நீரிழிவு மற்றவர்களைவிட இளவயதிலும் குறைந்த எடையிலும் வருகிறது. உடற்திணிவுச் சுட்டெண் 25 வரை பரவாயில்லை என்று பொதுவாகச் சொன்னாலும், ஆசியருக்கு 23இலேயே கவனம் வேண்டும். மெலிந்த பிள்ளைதானே என்று வீட்டில் இருப்பவர்கள் ஆறுதல் கொள்கிறார்கள். எங்கள் கொழும்புத் தோழிக்குச் சீனி கூடியிருப்பது 36 வயதில் தெரிந்தது. அப்போது அவளும் மெலிந்தவள்தான்.

வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு நடமாட்டம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளுக்கு 22 நிமிடம்கூட வராது. தோழி நடக்கத் தொடங்கினாள். முதலில் பத்தரமுல்லையில் வீட்டைச் சுற்றி. பிறகு அலுவலகத்துப் பெண்கள் ஐந்தாறு பேரோடு மலைநாட்டில். கண்டிப் பக்கத்திலிருந்து நுவரெலியா வரை தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால் 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ நடைபாதை 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மாதம் ஒரு பகுதி என்று கணக்கு வைத்து இதுவரை ஒன்பது பகுதிகள் நடந்திருக்கிறார்கள். தோட்டத்துத் தொழிலாளப் பெண்கள் கூடையோடு அதே பாதையில் தினமும் ஏறி இறங்குவதைப் பார்க்கும்போது, தங்களுடைய விலை கூடிய சப்பாத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கும் என்பாள். அலுவலகத்தில் மூன்று நாள் முட்டிக்கொண்டு நின்ற பிழைக்கு விடை ஹப்புத்தளைப் பக்கத்து ஏற்றம் ஒன்றில் தோன்றியதாம். அது நடையின் பலனா, கதிரையை விட்டுத் தூரம் போனதன் பலனா என்று எங்களால் சொல்ல முடியாது. சீனி குறைந்தது நடையின் பலன். அதைச் சொல்லலாம்.

ஆனால் நடக்கச் சொல்லுவது எங்களுக்கு இலகு. எமது ஊரில் ஒரு பெண் வேலை முடிந்து வந்து நடக்கப் போகிறாள் என்றால் என்ன நடக்கும்? பின்னேரம் ஆறு மணிக்கு இருட்டுகிறது. தெருநாய். பெடியன்மாரின் மோட்டார் சைக்கிள். "இந்த நேரத்தில் எங்கே போறாய்" என்று கேட்கும் பக்கத்து வீட்டு அன்ரி. சமையலை யார் பார்ப்பது என்ற கேள்வி இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும். ஆண்கள் துடுப்பாட்டம் ஆடி முடித்து ஏழு மணிக்கு வந்தாலும் அந்தக் கேள்வி அவர்களிடம் கேட்கப்படுவதில்லை. பெண்கள் வெளியே திரிவது எமக்குப் புதிது என்று யாரும் சொல்ல வேண்டாம். எரிபொருள் இல்லாத காலத்தில் இந்தக் கல்லூரிப் பிள்ளைகள் சைக்கிளில் எத்தனை மைல் ஓடினார்கள்? கொக்குவிலிலிருந்தும் கோண்டாவிலிலிருந்தும் காற்றை எதிர்த்து மிதித்து வந்து முதலாம் பாடத்துக்கு இருந்தோம். பின்னேரம் ரியூசனுக்கு வேறு. 1995இல் ஊரே நடந்தபோது நாங்களும் நடந்தோம். வேலை கிடைத்து ஸ்கூட்டி வாங்கிய பிறகுதான் கால்கள் ஓய்ந்தன.

ஆகவே உடம்பை அசைக்கும் பழக்கம் பள்ளிக்கூடத்திலேயே உறுதிப்பட வேண்டும். இதற்கு வைத்தியக் காரணங்களும் உண்டு. பெண்ணின் எலும்பு உறுதி பெரும்பாலும் பதின்ம வயதிலும் அதையடுத்த சில வருடங்களிலும்தான் சேர்கிறது. பிறகு வாழ்நாள் முழுவதும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் எடுக்கிறோம். ஓடித் துள்ளி நிலத்தில் குதிக்கும் விளையாட்டுகள் அந்தச் சேமிப்பைக் கூட்டும். இரண்டாவது, கண். சீனாவின் குவாங்சூ நகரில் 12 ஆரம்பப் பாடசாலைகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பாடசாலைகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் மேலதிகமாக வெளியே விளையாட நேரம் கொடுத்தார்கள். மூன்று வருடத்தில், வெளியே விட்ட பிள்ளைகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 வீதம், மற்றவர்களில் 39.5 வீதம். 2015இல் வெளிவந்த முடிவு இது. மருந்து இல்லை, கருவி இல்லை, வெளிச்சமும் வெளியும்தான். நாளைக்குத் திரைக்கு முன்னால் நாற்பது வருடம் இருக்கப் போகும் கண்களுக்கு அதைவிட மலிவான பாதுகாப்பு எங்களுக்குத் தெரியாது.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு என்பதைச் செயற்குழு உறுப்பினர்கள் ஏற்கெனவே ஊகித்திருப்பார்கள்.

நூற்றாண்டு நினைவாக 40 கணினிகள் கொண்ட ஆய்வுகூடம் ஒன்றை எமது சங்கம் கட்டிக் கொடுக்கப் போகிறது. கனடாக் கிளையும் ஐக்கிய இராச்சியக் கிளையும் பெரும் பங்கு தந்திருக்கின்றன. மகிழ்ச்சி. ஒரு சொல்லும் எதிராக இல்லை. விளக்கில் படித்த எங்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் வரைபடத்தில் அந்தக் கட்டடம் நிற்கும் இடம் வலைப்பந்தாட்டத் திடல். இந்த வளவில் பிள்ளைகள் ஓடக்கூடிய சமதரை வேறு எங்கே இருக்கிறது? இல்லமெய்வல்லுநர் போட்டிக்கு வெளி மைதானம் எடுக்கிறோம், அது வருடத்தில் ஒரு நாள். மற்ற நாட்களில் திடல் மட்டும்தான். புன்னாலைக்கட்டுவன் பக்கத்திலிருந்து போய், ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் 2018இல் கோல் போட்ட தர்ஜினி சிவலிங்கத்தின் படத்தை எமது விளையாட்டு அறையில் மாட்டி வைத்திருக்கிறோம். படத்தை மாட்டிவிட்டுத் திடலை மூடுவதா?

கணினி வருடத்துக்கு வருடம் சிறுக்கிறது. முன்பு ஓர் அறையை அடைத்தது, பிறகு மேசைக்கு வந்தது, இப்போது மடியில் அடங்குகிறது. வலைப்பந்தாட்டத் திடல் அன்றும் இன்றும் 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம். அது சிறுக்காது. கட்டடப் பொறியியலாளர்களான பழைய மாணவிகள் இருவர் பழைய விஞ்ஞானக் கட்டடத்தை இந்தக் கிழமை பார்த்திருக்கிறார்கள். மேல்தளம் ஒன்றைத் தாங்குமா என்று அத்திவாரத்தைச் சோதித்துச் சொல்ல மூன்று மாதம் கேட்கிறார்கள். அவர்கள் கட்டணம் கேட்கவில்லை. தாங்காது என்று முடிவு வந்தால், நூலகத்தின் கீழ்ப்பகுதியில் பழைய தளபாடங்கள் அடைந்து கிடக்கும் இரண்டு அறைகளையும் இடைச்சுவர் எடுத்து ஒன்றாக்கலாம். 40 மடிக்கணினிகளுக்கு அது போதும். மிஞ்சும் பணத்தில் திடலுக்கு மின்விளக்கு போடலாம். விளக்குப் போட்டால் வேலைக்குப் போகும் பழைய மாணவிகளும் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வந்து விளையாடலாம். மதிலுக்குள் தெருநாயும் இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை. அன்ரிமாரும் வேண்டுமானால் வரலாம்.

கிளைகளிலிருந்து வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் தந்த பணம் கணினிக்கென்று தந்த பணம். இடத்தை மாற்றுவதற்கு உங்கள் சம்மதமும் வேண்டும். ஊருக்குத் திரும்ப முன் உங்கள் கருத்தைச் செயலாளரிடம் எழுத்தில் தந்துவிட்டுப் போங்கள். நாளை மறுநாள் பொதுக் கூட்டம். அத்திவாரக் கல் நாட்டும் திகதியை மூன்று மாதம் பின்போடும் பிரேரணையை எங்கள் வகுப்பு முன்மொழியும். வழிமொழிய 1986ஆம் ஆண்டு வகுப்பு அக்காமார் சம்மதித்திருக்கிறார்கள்.

வரைபடம் மண்டப வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது. தேநீருக்குப் போகும் வழியில் பாருங்கள். பிள்ளைகளும் பார்க்கலாம், தடை இல்லை.